இரண்டு சர்வர் வாங்குவது சரி, இரண்டையும் எங்கே வைப்பது?

சிங்கப்பூர் ஜூரோங்கில் கப்பல்களுக்கு உதிரிபாகமும் மளிகையும் சப்ளை செய்யும் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். அலுவலகம், கிடங்கு, கணக்குப் பிரிவு எல்லாம் சேர்ந்து 180 மின்னஞ்சல் பெட்டிகள். கப்பல் விடியற்காலை மூன்று மணிக்கு நங்கூரம் போட்டாலும் அதற்கு வேண்டிய சாமான் பட்டியல் மின்னஞ்சலில்தான் வரும். பட்டியல் வராவிட்டால் படகு கிளம்பாது.

ஐந்து வருடம் ஓடிய மின்னஞ்சல் சர்வருக்கு உத்தரவாதம் முடியும் நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். "இந்தத் தடவை ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடணும் தம்பி. எது சரின்னு பார்த்துச் சொல்லு." கொட்டேஷன்கள் வாங்கி, மூன்று மாதம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவையும், மற்ற வழிகளை ஏன் விட்டேன் என்பதையும் எழுதுகிறேன். ஐம்பதிலிருந்து முந்நூறு பெட்டி வரை வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

எவ்வளவு நேரம் தாங்கும்?

விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன் மின்னஞ்சலின் சுபாவத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அது காத்திருக்கும். நம் சர்வர் பதில் சொல்லாவிட்டால், அனுப்பும் சர்வர் கடிதத்தைத் தன் வரிசையில் வைத்துக்கொண்டு விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்கும். கைவிடுவதற்கு முன் குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மின்னஞ்சல் அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321 ஆவணம் சொல்வது. ஆகவே அரை மணி நேரம் சர்வர் நின்றால் வெளியிலிருந்து வரும் கடிதம் தொலையாது, தாமதமாகும். அந்த அரை மணியில் தவிப்பது நம் ஆட்கள்தான். பழைய கடிதத்தைத் திறக்க முடியாது, புதிதாக ஒன்றை அனுப்ப முடியாது.

இதை விளக்கிவிட்டு முதலாளியிடம் கேட்டேன்: "அரை மணி நின்னா பரவாயில்லையா?" கொஞ்சம் யோசித்தார். "அரை மணி தாங்கலாம். அரை நாள் தாங்காது." பிறகு எடுத்த எல்லா முடிவும் இந்தப் பதிலிலிருந்து வந்தவைதான். சர்வர் 99.9 விழுக்காடு நேரம் ஓட வேண்டும் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம், 99.99 என்றால் 53 நிமிடம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் முதலாளியிடம் இந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் எந்தக் கொட்டேஷனிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

முதல் வழி: ஒரே இயந்திரம், உள்ளே எல்லாம் இரண்டு

ஒரு நல்ல சர்வர், இரண்டு பவர் சப்ளை, ஈசிசி நினைவகம் (பிழையைத் தானே திருத்துவது), நான்கு எஸ்எஸ்டி டிஸ்க், நான்கு மணி நேரத்தில் பாகத்தோடு ஆள் வரும் சேவை ஒப்பந்தம். இதை மட்டமாக நினைக்க வேண்டாம். சர்வரில் அதிகம் பழுதாகிற டிஸ்க், பவர் சப்ளை, விசிறி மூன்றையும் இயந்திரம் ஓடும்போதே கழற்றி மாட்டலாம். சிங்கப்பூர் சின்ன ஊர் என்பதால் நான்கு மணி நேர ஒப்பந்தம் இங்கே நடைமுறைக்கு ஒத்துவரும். விலை குறைவு என்று 'மறு வேலை நாள்' ஒப்பந்தத்தை எடுப்பவர்கள் காலண்டரைப் பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள் மாலையில் மதர்போர்டு போனால், இரண்டு நாள் பொது விடுமுறை, ஒட்டியே சனி ஞாயிறு வந்தால் அதுவும் சேரும்.

ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்கைச் சேர்த்து வைக்கும் முறைதான் ரெய்டு. அதில் ரெய்டு 10-ஐத்தான் சொல்வேன், ஒரே தரவை ஜோடி டிஸ்க் இரண்டிலும் எழுதுவது. மின்னஞ்சல் சர்வர் சின்னச் சின்னக் கோப்புகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக எழுதிக்கொண்டே இருக்கும். ரெய்டு 5-இல் ஒவ்வொரு சிறு எழுத்துக்கும் பழைய தரவையும் பாரிட்டியையும் (போனதை மீட்க உதவும் கணக்கு) படித்து இரண்டையும் திரும்ப எழுத வேண்டும், அதாவது நான்கு வேலை. ரெய்டு 10-இல் இரண்டோடு முடிந்துவிடும். 180 பெட்டி, பெட்டிக்கு 10 ஜிபி என்றால் 1.8 டிபி. 1.92 டிபி எஸ்எஸ்டி நான்கை ரெய்டு 10-இல் போட்டால் 3.84 டிபி கிடைக்கும். பாதிக்குச் சற்றுக் குறைவாக நிரம்பியிருக்கும். மின்சாரம் பட்டென்று போனாலும் எழுத எடுத்ததை எழுதி முடிக்கும் மின்தேக்கி உள்ள சர்வர் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். சிம் லிம் ஸ்குவேரில் மேசைக் கணினிக்கு விற்கும் ரகத்தில் பெரும்பாலும் அது இருக்காது.

நான்கு டிஸ்கையும் ஒரே பெட்டியிலிருந்து பிரித்து மாட்டுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் ஹெச்பிஇ நிறுவனம் தன் எஸ்ஏஎஸ் (சர்வர் ரக) எஸ்எஸ்டி சிலவற்றைப் பற்றி ஓர் அவசர அறிவிப்பு வெளியிட்டது. ஃபர்ம்வேரில் (டிஸ்குக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) இருந்த பிழையால், 32,768 மணி நேரம், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணி நேரம் ஓடியதும் அந்த டிஸ்க் நின்றுவிடும், உள்ளே இருந்த தரவையும் மீட்க முடியாது. 32,768 என்பது 2-இன் 15-ஆம் அடுக்கு. மணிக்கணக்கை வைத்திருந்த இடம் நிரம்பியதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஒரே நாளில் மாட்டிய நான்கு டிஸ்கும் ஒரே நேரத்தில் போகும் என்றால் ரெய்டு எந்த எண்ணாக இருந்து என்ன பயன்? அதைப் படித்த நாளிலிருந்து ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு வேறு நிறுவனத்து டிஸ்க் போடுகிறேன்.

பவர் சப்ளையிலும் இதே கதைதான். பழைய சர்வரில் இரண்டு பவர் சப்ளை, இரண்டு யூபிஎஸ் (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி). எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் நினைத்திருந்தோம். ஒரு நாள் மாலை, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, சோதித்துப் பார்க்கலாமே என்று முதல் யூபிஎஸ்ஸின் 13 ஆம்ப் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்தேன். அது பேட்டரிக்கு மாறியது, பத்து நிமிடம் தாங்கியது, தீர்ந்தது. முழுச் சுமையும் இரண்டாவது யூபிஎஸ் மேல் ஏறியது. சிவப்பு விளக்கு, நீளமாக ஒரு பீப் சத்தம், அப்புறம் விசிறிகள் ஒவ்வொன்றாக அடங்கி அறையே நிசப்தம். இரண்டு யூபிஎஸ்ஸிலும் தலா 70 விழுக்காடு சுமை ஏற்றி வைத்திருந்தோம். சர்வரோடு ஸ்விட்ச், ஃபயர்வால், கேமரா பெட்டி எல்லாம் அதில்தான். ஒன்று போனால் மற்றது 140-ஐத் தாங்குமா? ஒவ்வொன்றிலும் 40-ஐத் தாண்டவே கூடாது. இந்தப் பாடம் கொட்டேஷனில் வராது. பிளக்கை இழுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

சரி, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் மதர்போர்டு ஒன்று, ரெய்டு அட்டை ஒன்று, அறை ஒன்று. நான்கு மணி நேரம் என்பது ஆள் வந்து சேரும் நேரம். வேலை முடியும் நேரம் வேறு. 'அரை நாள் தாங்காது' என்பவருக்கு இது போதாது. நாற்பது ஐம்பது பெட்டிகளோடு ஒரு நாள் தாங்குபவர்கள் இதையே வாங்கி, நல்ல பேக்கப்பும் வைத்துக்கொண்டு, மீதிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

இரண்டாம் வழி: ஒரே அறையில் இரண்டு சர்வர், நடுவில் ஒரு ஸ்டோரேஜ்

விற்பனையாளர்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். படத்தில் பார்க்க அழகாக இருக்கும்: மேலே இரண்டு சர்வர், கீழே இரண்டுக்கும் பொதுவாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டி, ஒரு சர்வர் போனால் மெய்நிகர் இயந்திரம் (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) தானாகவே மற்றதில் எழுந்துவிடும். இருக்கும் வழிகளில் விலையும் இதற்குத்தான் அதிகம். நடுத்தர நிறுவனம் எதுவும் இதை மின்னஞ்சலுக்காக வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்குள் இரண்டு கன்ட்ரோலர் (டிஸ்குகளை இயக்கும் பாகம்) இருந்தாலும் இரண்டிலும் ஓடுவது ஒரே ஃபர்ம்வேர். சர்வர் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டு, போனால் திரும்பாத பொருளை ஒன்றாகவே வைத்திருக்கிறோம்.

அப்புறம் அந்த அறை. எங்கள் கட்டடத்தில் மத்தியக் குளிரூட்டல் சனிக்கிழமை மதியத்தோடு நின்றுவிடும். தொழிற்பேட்டைகளில் இது வழக்கம்தான். அதனால் சர்வர் அறைக்கென்று தனி ஏர்கான். ஒரு சனிக்கிழமை இரவு அதன் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. ஞாயிறு காலை கிடங்கு அண்ணன் போன் செய்தார்: "தம்பி, உன் ரூம் கதவுக்கு அடியில தண்ணி வருது." போய்ப் பார்த்தால் ரேக்கின் மேல் தட்டில் ஒரு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கி, அங்கிருந்து முன்பக்கக் கம்பி வலை வழியாக ஒவ்வொரு சொட்டாகக் கீழ் இயந்திரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மேலே இருந்தது சர்வர், கீழே இருந்தது பேக்கப் பெட்டி. இரண்டையும் நனைத்தது ஒரே சொட்டு. நல்லவேளையாகப் பேக்கப்பின் இன்னொரு நகல் வெளியே இருந்தது. திங்கள் மாலை வரை கணக்குப் பிரிவு அக்கா இன்வாய்ஸ்களை அச்சடித்து டிரைவர் கையில் கொடுத்தனுப்பினார்.

அன்றுதான் என் கேள்வி மாறியது. இரண்டு இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டுக்கும் பொதுவாக என்னென்ன இருக்கிறது என்று எழுத ஆரம்பித்தேன். மின் இணைப்பு, ஏர்கான், கூரை, ஃபர்ம்வேர், சாவி, இணையக் கேபிள் என்று ஒரு தாள் நிறைந்துவிட்டது.

கிளவுட்டுக்கே போய்விடலாமே?

நியாயமான கேள்வி. புதிதாகத் தொடங்கும் நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் 365 அல்லது கூகுள் வொர்க்ஸ்பேஸ்தான் சரி என்று தயங்காமல் சொல்வேன். இரண்டும் 99.9 விழுக்காடு உத்தரவாதம் தருகின்றன, மாதத்துக்கு ஏறக்குறைய 43 நிமிடம். தனிநபர் தகவல் சட்டம் தடுக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், அது தடுக்கவில்லை. வெளிநாட்டுக்குப் போகும் தகவலுக்கு இங்குள்ளதற்கு நிகரான பாதுகாப்பு இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது. அவற்றை இன்னும் ஓட்டுபவர்கள் புதிய சந்தாப் பதிப்புக்கு மாறுவதற்கு முன் ஒரு முறை கிளவுட் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

நாங்கள் போகாததற்குக் காரணம், கிடங்கு மென்பொருள் முழுக்க உள் சர்வரோடு பின்னிக் கிடப்பதும், பத்து வருடக் கடிதங்களைத் தன் கையில் வைத்திருக்க வேண்டும் என்று முதலாளி விரும்புவதும்தான்.

நான் தேர்ந்தெடுத்தது: இரண்டு கட்டடம், தனித்தனி டிஸ்க், கையால் மாற்றுவது

எங்களுக்குத் தீவின் கிழக்கே காக்கி புக்கிட்டில் ஒரு சின்னக் கிளை உண்டு. முதல் சர்வர் ஜூரோங்கில், இரண்டாவது அங்கே. கிளை இல்லாதவர்கள் ஒரு தரவு மையத்தில் கால் ரேக் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் தரவு மையமும் ஒரு கட்டடம்தான். 2024 செப்டம்பர் 10-ஆம் தேதி லோயாங்கில் ஒரு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்து, அங்கே ஓடிய அலிபாபா கிளவுட் சேவைகள் தடைபட்டன. இரண்டு சர்வரையும் அங்கேயே வைத்துவிடாதீர்கள்.

இரண்டும் நடுத்தர விலை இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் சொந்த எஸ்எஸ்டி நான்கு. ரெய்டு அட்டை வாங்கவில்லை. இசட்எஃப்எஸ் மென்பொருளே ஜோடி போடுகிறது. இயந்திரம் போனாலும் டிஸ்கை உருவி, இசட்எஃப்எஸ் உள்ள வேறு எந்தக் கணினியில் சொருகினாலும் படிக்கலாம். மேலே மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் பிராக்ஸ்மாக்ஸ், அதற்குள் கடிதத்தை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸும் பெட்டிகளைக் காக்கும் டவ்காட்டும். பிராக்ஸ்மாக்ஸ் வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒரு முறை மற்ற சர்வருக்கு நகலெடுக்கும். நான் ஒரு நிமிடமாகக் குறைத்துவிட்டேன். டவ்காட்டே இரண்டு சர்வரையும் ஒத்திசைக்கும் வழியைச் சொல்லும் பழைய கையேடுகளை நம்பித் திட்டமிடாதீர்கள், 2.4 பதிப்பில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள்.

ஒரு நிமிட இடைவெளியில் ஒரு ஓட்டை இருக்கிறது. நம் சர்வர் ஒரு கடிதத்தை வாங்கி "250" (பெற்றுக்கொண்டேன்) என்று பதில் சொன்ன நொடியிலேயே பொறுப்பு நம்முடையதாகிவிடுகிறது. அனுப்பியவர் தன் வரிசையிலிருந்து அதை அழித்துவிடுவார். அடுத்த நகலெடுப்புக்கு முன் சர்வர் செத்தால் அந்தக் கடிதம் உலகத்தில் எங்கும் இல்லை. இதற்காக இரண்டு இடத்திலும் ஒரு சின்ன நுழைவாயில் சர்வர் வைத்தேன். வருகிற ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் இரண்டு நாள் தன்னிடமே வைத்திருக்கும். முதல் சர்வர் ஜூரோங்கில் இருப்பதால், காக்கி புக்கிட் நுழைவாயில்தான் முதல் எம்எக்ஸ் (வெளிக் கடிதம் முதலில் வந்து சேரும் முகவரி). வாங்குகிற இடமும் சேமிக்கிற இடமும் வேறு வேறு கட்டடம் என்பதால் நிம்மதி. இரண்டாவது எம்எக்ஸுக்குக் குப்பைக் கடித வடிகட்டி தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். குப்பை அனுப்புபவர்கள் அதைத்தான் முதலில் தேடி வருவார்கள்.

ஏன் தானாக மாற விடவில்லை? ஜூரோங்குக்கும் காக்கி புக்கிட்டுக்கும் நடுவில் இணைப்பு மட்டும் அறுந்தது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் உயிரோடு இருக்கின்றன, ஆனால் மற்றது செத்துவிட்டது என்று இரண்டும் நினைக்கின்றன. இரண்டும் எழுந்து கடிதம் வாங்க ஆரம்பித்தால் ஒரே பெட்டிக்கு இரண்டு வரலாறு உண்டாகிவிடும். ஒட்டிச் சேர்க்க வாரக்கணக்கில் ஆகும். இதைத் தவிர்க்க மூன்றாவது இடத்தில் ஓட்டுப் போடும் ஒரு சாதனம் வேண்டும். எக்ஸ்சேஞ்சில் இரண்டு சர்வர் குழு வைப்பவர்களுக்கும் அந்த மூன்றாவது சாட்சி சர்வர் உண்டு. அரை மணி தாங்கும் என்று சொன்ன பிறகு எனக்கு அது தேவைப்படவில்லை. ஒரு மனிதர் இரண்டு பக்கமும் பார்த்து, பழையதை அணைத்துவிட்டோம் என்று உறுதி செய்த பிறகு புதியதை எழுப்புகிறார்.

இணைய இணைப்பில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரண்டு நிறுவனத்தில் இணைப்பு வாங்கிவிட்டோம் என்பார்கள். சிங்கப்பூரின் நாடளாவிய ஃபைபர் இழைகள் நெட்லிங்க் டிரஸ்ட்டுக்குச் சொந்தம். பல நிறுவனங்கள் அந்த இழைகளின் மேல்தான் சேவை தருகின்றன. பில் இரண்டு, கேபிள் கட்டடத்துக்குள் நுழைவது ஒரே குழாயில். ஆகவே ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு ஃபைபர், துணைக்கு ஒரு 5ஜி. 5ஜி வழியாகக் கடிதம் அனுப்ப முயல வேண்டாம், அதன் ஐபி முகவரிகளைப் பெரும்பாலான சர்வர்கள் ஏற்காது. பெட்டியைத் திறந்து படிக்க மட்டும் போதும். இரண்டு கட்டடத்துக்கும் நிலையான ஐபி, அதற்கான பிடிஆர் பதிவு (ஐபி எந்தப் பெயருக்கு உரியது என்று சொல்வது), எஸ்பிஎஃப்-இல் (நம் பெயரில் அனுப்பலாம் என்ற ஐபி பட்டியல்) இரண்டு ஐபியும், கடிதத்தில் மின் கையொப்பம் போட ஒரே டிகிம் சாவி. முதல் ஒத்திகையில் எல்லாம் எழுந்தது, கடிதங்கள் வந்தன, ஆனால் போன கடிதமெல்லாம் திரும்பி வந்தது. காக்கி புக்கிட் ஐபிக்கு பிடிஆர் போடச் சொல்லி விண்ணப்பித்திருந்தோம். போட்டார்களா என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது வாரத்தில் ஒரு நாள் வெளியே போகும் கடிதங்களை அந்த வழியாகவே அனுப்புகிறேன், அந்த ஐபியின் பெயரும் கெடாமல் இருக்கும்.

செலவு? இரண்டு இயந்திரமும் சேர்ந்து முதல் வழியைவிட ஒன்றரை மடங்கு, இரண்டாம் வழியைவிடக் குறைவு. ஓடிக்கொண்டே இருக்கும் இரண்டாவது சர்வர் 250 வாட் இழுத்தால் வருடத்துக்கு 2,190 யூனிட். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்தால் 657 வெள்ளி, ஏர்கான் தனி. யூபிஎஸ் பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக எடுத்தேன். 2018 செப்டம்பர் 18 விடியற்காலை தீவின் பல பகுதிகளில் ஒரே நேரத்தில் மின்சாரம் போய், ஏறக்குறைய 146,000 இணைப்புகள் இருண்டு, திரும்ப 38 நிமிடம் ஆனது. இங்கே அப்படி நடப்பது மிக அரிது. ஆனால் பத்து நிமிட யூபிஎஸ்ஸுக்கு 38 நிமிடம் எட்டாது. கட்டடம் இரண்டாக இருந்தும் மின் கட்டமைப்பு ஒன்று, அதை நம்மால் மாற்ற முடியாது. பேட்டரி 20 விழுக்காட்டுக்கு இறங்கினால் சர்வர் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி வைத்திருக்கிறேன்.

நகல் என்பது பேக்கப் ஆகாது என்று தனியாக எழுத வேண்டுமா தெரியவில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். ஒருவர் தவறுதலாக அழித்த கடிதம் ஒரு நிமிடத்தில் இரண்டு இடத்திலும் அழிந்துவிடும். அதனால் தினமும் இரவு, எழுதிய பின் மாற்ற முடியாத பேக்கப் ஒன்று மூன்றாவது இடத்துக்குப் போகிறது.

ஒத்திகையை மட்டும் விடவே கூடாது. 2023 அக்டோபர் 14-ஆம் தேதி ஒரு தரவு மையத்தில் குளிரூட்டல் பழுதாகி டிபிஎஸ், சிட்டி இரண்டு வங்கிகளின் சேவையும் நின்றது. இரண்டுக்கும் மாற்று மையம் இருந்தது. மாறும்போது ஒன்றுக்கு வலையமைப்பு அமைவில் தவறு, மற்றதுக்கு இணைப்புச் சிக்கல். ஏறக்குறைய 2.5 மில்லியன் கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. அவர்களுக்கே அப்படி என்றால் நாம் எத்தனை தடவை ஒத்திகை பார்க்க வேண்டும்?

நாங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பார்க்கிறோம். போன முறை 22 நிமிடத்தில் முடிந்தது. ஆனால் இரண்டு சர்வருக்கும் பொதுவாக இருப்பவற்றைத் திரும்ப எழுதிப் பார்த்தபோது கடைசி வரியில் என் பெயர் இருந்தது. எல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன் மட்டுமே. அடுத்த ஒத்திகை தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. வேலையைச் செய்யப்போவது கணக்குப் பிரிவு அக்காவும் கிடங்கு அண்ணனும். கையில் இரண்டு பக்கத் தாள் ஒன்று, உறையில் கடவுச்சொல், சர்வர் அறைச் சாவி. அன்று காலை ஒன்பது மணிக்கு நான் போனை அணைத்துவிட்டு தேக்காவில் இருப்பேன்.